இருபது தொட்டிகளுக்கு எந்த உர முறை?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்கிறேன், சரிதானா பாருங்கள். பெங்களூர் கே.ஆர்.புரத்தில் இரண்டாம் மாடி வாடகை வீடு. நீங்கள், கணவர், பள்ளிக்குப் போகும் மகள், தர்மபுரியிலிருந்து வந்து உங்களுடன் இருக்கும் மாமியார் என நான்கு பேர். பால்கனியில் தக்காளி, மிளகாய், கீரை, மல்லிகை, கறிவேப்பிலை என்று இருபது தொட்டிகள். சமையலறைக் கழிவை உரமாக்க, மண்பானை அடுக்கு, மண்புழுத் தொட்டி, கழிவைக் காற்றுப் புகாமல் புளிக்கவைக்கும் பொகாஷி பக்கெட், மின்சார இயந்திரம் ஆகிய நான்கில் எதை வாங்குவது என்று கேட்கிறீர்கள். பெங்களூர் முறை என்றே ஒன்று இருக்கிறதாமே, இந்த ஊருக்கு அதுதானே பொருந்தும் என்பது இரண்டாவது சந்தேகம். மஞ்சளாகிக்கொண்டு வரும் கறிவேப்பிலை இந்த உரத்தால் தேறுமா என்பது மூன்றாவது. "ஊரில் எல்லாவற்றையும் எருக்குழியில் கொட்டினோம், இதற்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்" என்று மாமியார் சிரிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "இவ்வளவு பாடுபட்டுச் செய்து, போட்டதும் செடி கருகிவிடக் கூடாது" என்றீர்களே, உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் மண்ணியல் படித்தவன். பெங்களூரில் அபார்ட்மெண்ட்களுக்கும் பள்ளிகளுக்கும் உரத் தொட்டி அமைத்துக் கொடுப்பதும், அது நாறத் தொடங்கியதும் வரும் தொலைபேசிக்குப் பதில் சொல்வதும்தான் பல வருடங்களாக என் பிழைப்பு. எல்லாம் ஒழுங்காக நடக்கும் வீட்டிலிருந்து என்னை யாரும் கூப்பிடுவதில்லை. அதனால் என் பேச்சில் கொஞ்சம் சந்தேக புத்தி கலந்திருக்கும்; அந்த அளவுக்குக் கழித்துப் படியுங்கள்.

குப்பையைக் குறைப்பதற்காக உரம் செய்கிறவரும் செடிக்காக உரம் செய்கிறவரும் ஒரே கடையில் ஒரே சாமானைத்தான் வாங்குகிறார்கள். குப்பைக்காகச் செய்கிறவருக்குத் தோல் அடையாளம் தெரியாமல் போய், கறுத்து, அளவு சுருங்கினால் வேலை முடிந்தது. உங்களுக்கு அங்கே பாதி வேலைதான் முடிந்திருக்கும். பாதி மக்கிய உரத்தைத் தொட்டியில் போட்டால் மக்கும் வேலை தொட்டிக்குள் தொடரும். நுண்ணுயிரிகள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) தங்களுக்கு எடுத்துக்கொள்ளும். வேருக்குப் போக வேண்டிய பிராண வாயுவையும் இழுத்துக்கொள்ளும். அம்மோனியாவும் கரிம அமிலங்களும் இளம் வேரைச் சுடும். நிலத்தில் இருக்கும் செடி வேறு பக்கம் வேரை ஓட்டித் தப்பித்துக்கொள்ளும். பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. நீங்கள் பயப்படும் கருகல் பெரும்பாலும் இதுதான். எனவே எந்த முறையை எடுத்துக்கொண்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, செய்த உரம் எங்கே, எத்தனை நாள் ஆறப் போகிறது என்பது. உங்கள் மாமியாரின் எருக்குழியில் இதற்குத் தனியாக ஏற்பாடு வேண்டியிருக்கவில்லை. மாட்டுச் சாணமும் வைக்கோல் கூளமும் தினமும் சேர்ந்தன, அடியில் இருந்த மண் தண்ணீரை உறிஞ்சியது, கோடையில் வண்டி கட்டி வயலுக்கு அடிக்கும் வரை குழி பாட்டுக்குக் கிடந்தது. பால்கனியில் சாணம் இல்லை, கூளம் இல்லை, உறிஞ்ச மண் இல்லை, பொறுமையும் குறைவு. இவற்றை நாம்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஆர்ப்பாட்டம் எல்லாம் அதற்காகத்தான் என்று அவரிடம் சொல்லுங்கள்.

இதில் சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மக்குவதற்கு நுண்ணுயிரிகளுக்குக் கரிமமும் தழைச்சத்தும் சுமார் 25 முதல் 30 பங்குக்கு 1 பங்கு என்ற விகிதத்தில் வேண்டும். காய்கறித் தோலில் தழைச்சத்து அதிகம். விகிதம் 15, 20 என்று தாழ்ந்திருக்கும். காய்ந்த சருகில் 40க்கு மேல், சில மரங்களின் சருகில் 80 வரைகூடப் போகும். இரண்டையும் கலந்தால்தான் நடுவில் வந்து நிற்கும். ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம். கையில் எடுத்து இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், ஓரிரு சொட்டுக்கு மேல் விழக் கூடாது. காற்று போக வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் உடைந்த பிளாஸ்டிக் பக்கெட்டில்கூட உரம் வரும். இல்லாவிட்டால் பல ஆயிரம் ரூபாய் பெட்டியிலும் வராது. அழுகின முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை. மூக்கைக் குத்தும் அம்மோனியா நெடி வந்தால் சருகு போதவில்லை. இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றே: சருகைப் போட்டுக் கிளறுங்கள்.

உறுதியாகத் தெரிந்த இன்னொன்று, வீட்டுப் பானை சூடேறாது என்பது. நோய்க்கிருமிகளும் களை விதைகளும் சாக 55 டிகிரி வெப்பம் குறைந்தது மூன்று நாட்களாவது நிற்க வேண்டும். அதற்குக் கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர் குவியல் தேவை. நாற்பது லிட்டர் பானையில் வெதுவெதுப்பு வரும், அவ்வளவுதான். ஆகவே வாடல் நோய் வந்த தக்காளிச் செடியையும் நாய், பூனைக் கழிவையும் அதில் போடாதீர்கள். உரம் போட்ட தொட்டியில் பரங்கியும் தக்காளியும் தானாக முளைப்பதும் இதனால்தான். அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

இனி முறைகளுக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்கு என் தேர்வு, காற்றோட்டம் உள்ள மூன்று பானைகள். சுட்டமண் அடுக்காகவே வாங்கலாம். இந்த ஊரில் 2006இல் பூனம் பீர் கஸ்தூரி தொடங்கிய டெய்லி டம்ப் நிறுவனத்தின் 'கம்பா' அடுக்குதான் இங்கே பால்கனிகளில் பரவலாகக் கண்ணில் படுவது. அந்தச் செலவு வேண்டாம் என்றால், மூடியுள்ள நாற்பது லிட்டர் பிளாஸ்டிக் டப்பா மூன்றில் பக்கவாட்டிலும் அடியிலும் துளை போட்டுக்கொண்டாலும் போதும். சுட்டமண்ணின் நன்மை, அதிக ஈரத்தை அதுவே வெளியே விட்டுவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் தண்ணீர் விஷயத்தில்தான் தடுமாறுவார்கள் என்பதால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. பிளாஸ்டிக் என்றால் சருகு கொஞ்சம் கூடுதலாக வேண்டும். மூன்று எதற்கு என்றால், ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கும்போது மற்ற இரண்டும் ஆற வேண்டும். நான்கு பேர் வீட்டில் சமையலறைக் கழிவு ஒரு நாளைக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை வரும். அது தினமும் கொஞ்சம் கொஞ்சம் அமுங்கிக்கொண்டே போவதால் ஒரு பானை நிரம்ப ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். முதல் பானையின் முறை மறுபடி வரும்போது அது இரண்டு மாதம் ஆறியிருக்கும். ஒரே பெரிய டிரம் வாங்கி மேலே போட்டுக் கீழே எடுக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். கேட்க நன்றாக இருக்கும். கிளறும்போது நேற்றைய வாழைத்தோல் கீழே போய் எடுக்கும் உரத்தோடு கலந்துவிடும்.

தினப்படி வேலை இதுதான். காலையில் நறுக்கிய தோல், காம்பு, வாடிய கீரை, டீத்தூள், காபித்தூள் சக்கை எல்லாவற்றையும் துளையுள்ள ஒரு டப்பாவில் போட்டு இரவு வரை தண்ணீர் வடிய விடுங்கள். பெரிய துண்டுகளை இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்குங்கள். முழுப் பூசணித் தோலும் சோளக் கதிரின் சக்கையும் மாதக் கணக்கில் முறைத்துக்கொண்டு கிடக்கும். பானையில் கொட்டி, அதே அளவு சருகை மேலே தூவி மூடுங்கள். எடையில் சம அளவு வேண்டாம், கையளவில் சம அளவு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு குச்சியால் அடிவரை கிளறுங்கள். தொடக்கத்தில் அடியில் இரண்டு கைப்பிடி பழைய தொட்டி மண்ணோ காய்ந்த சாண எருவோ போட்டால் நுண்ணுயிரிகளுக்கு அது போதும். புளித்த மோரும் கைகொடுக்கும். பாக்கெட்டில் விற்கும் கம்போஸ்ட் பொடி வேலையைக் கொஞ்சம் விரைவுபடுத்தலாம், ஆனால் அது இல்லாமல் உரம் வராது என்பது விற்பனைப் பேச்சு. மீந்த சாதம் சிறிதளவு பரவாயில்லை. உப்பும் எண்ணெயும் சேர்ந்த சாம்பார், பொரியல், ஊறுகாய் வேண்டாம். உப்பு மக்கிப் போகாது, தொட்டிக்குள்தான் வந்து தங்கும்.

சருகு எங்கே கிடைக்கும் என்பதில்தான் பெங்களூர்க்காரர்களுக்கு அதிர்ஷ்டம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை இந்த ஊர்த் தெருக்களில் இலை கொட்டும். காலையில் கூட்டிக் குவித்து வைத்திருப்பார்கள். கூட்டுகிற அம்மாவிடம் கேட்டால் சாக்கில் அள்ளியே கொடுப்பார், அவருக்கும் சுமை குறையும். அந்த மூன்று மாதத்தில் ஆறேழு சாக்கு நிரப்பி ஈரம் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். ஜூனில் மழை தொடங்கினால் அக்டோபர் வரை காய்ந்த இலையைத் தேடித் திரிய வேண்டியிருக்கும், எனக்குப் புகார்கள் குவிவதும் அந்த மாதங்களில்தான். எல்லாச் சருகும் ஒன்றல்ல. தூங்குமூஞ்சி மரத்தின் இலை பொடிப்பொடியாக இருப்பதால் நறுக்கவே வேண்டாம், அதுதான் முதல் தரம். புங்கை இலையும் சீக்கிரம் மக்கும். மா, பலா, சில்வர் ஓக் இலைகள் தடிமன். காலால் மிதித்து நொறுக்கிப் போடுங்கள். யூகலிப்டஸ் வேண்டாம். சருகே கிடைக்காத மாதத்தில் தேங்காய் நார்த்தூள் வாங்கலாம், அல்லது பழுப்பு அட்டைப் பெட்டியைக் கிழித்துப் போடலாம். ஆன்லைனில் வாங்குகிற வீட்டில் அட்டைக்கா பஞ்சம்! ஒட்டு நாடாவை மட்டும் உரித்துவிடுங்கள். மரத்தூளில் கரிமம் மிக அதிகம், கொஞ்சமாகத்தான் போட வேண்டும்.

ஒரு பருவத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். டிசம்பர், ஜனவரியில் இந்த ஊரில் அவரைக்காய் வந்து இறங்கும். பருப்பை உரித்து, பிதுக்கி, ஒரு வேளைக் குழம்புக்கு ஒரு கூடைத் தோல் மிஞ்சும். அது பயறு வகைச் செடியின் தோல், ஈரமும் தழைச்சத்தும் அதிகம். பானையில் அப்படியே கொட்டினால் மறுநாள் கொழகொழவென்று கட்டியாகி நெடி கிளம்பும். பால்கனித் தரையில் ஒரு நாள் வெயிலில் வாட விட்டு, பிறகு இரண்டு பங்கு சருகோடு இரண்டு மூன்று நாட்களாகப் பிரித்துப் போடுங்கள். அந்த மாதங்களில் இரவுக் குளிர் 15 டிகிரி வரை இறங்குவதால் மக்குவதும் மெதுவாகத்தான் நடக்கும். கூடுதலாகச் சில வாரம் கொடுங்கள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் மூடியைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் தடித்த புழுக்கள் நெளியும். பானையைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லோரும் இந்தக் காட்சியைப் பார்த்தவர்கள்தான். பெரும்பாலும் அது பிளாக் சோல்ஜர் என்ற ஈயின் புழு. அந்த ஈ கடிக்காது, சாப்பாட்டில் மொய்க்கும் பழக்கமும் இல்லை. அதன் புழு கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். தீமை எதுவும் இல்லை என்றாலும், பள்ளிப் பிள்ளை இருக்கும் வீட்டில் எல்லோரும் அதைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஈரம் அதிகமாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். சருகைக் கூட்டி, மேலே எப்போதும் மூன்று விரல் உயரத்துக்குக் காய்ந்த அடுக்கு இருக்கும்படி பார்த்துக்கொண்டால் குறைந்துவிடும்.

மண்புழு உரத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம்தான். தொட்டிச் செடிக்கு, குறிப்பாக நாற்றுக்கு, மிக மென்மையான உரம் அதுவே. இந்த ஊர் வெப்பநிலையும் அதற்கு ஒத்து வரும். 15 முதல் 28 டிகிரி வரை புழுக்கள் சுகமாக இருக்கும். ஜி.கே.வி.கே. வளாகத்திலுள்ள வேளாண் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ராதா காலே போன்றவர்கள் இதில் பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். பிறகு ஏன் உங்களுக்கு முதலில் சொல்லவில்லை? புழு உயிருள்ள பிராணி. மேற்கு பார்த்த பால்கனியில் ஏப்ரல் மாதப் பிற்பகல் வெயில் பிளாஸ்டிக் தொட்டியில் விழுந்தால் உள்ளே 35 டிகிரியைத் தாண்டும், மாலையில் எல்லாம் செத்துக் கிடக்கும். எலுமிச்சைத் தோல், வெங்காயம், மிளகாய், உப்பு எதுவும் அதற்கு ஆகாது. நம் சமையலறைக் கழிவில் இவை எல்லாம் உண்டு. எறும்பு வேறு. நான் சிபாரிசு செய்வது இப்படி: பானையில் ஒரு மாதம் மக்கிய உரத்தை எடுத்துப் புழுத் தொட்டியில் போட்டு, மீதி வேலையை அவற்றிடம் விட்டுவிடுங்கள். காரமும் புளிப்பும் அதற்குள் அடங்கியிருக்கும். அதை இரண்டாம் வருடம் யோசிக்கலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் புழு என்னவாகும் என்று கேட்பீர்கள். ஈரமான அட்டையும் கொஞ்சம் தீனியும் வைத்துவிட்டுப் போனால் இரண்டு வாரம் தாங்கும்.

பொகாஷி ஜப்பானிலிருந்து வந்தது. ஓகினாவாவில் ரியூக்யூ பல்கலைக்கழகத்தின் தெருவோ ஹிகா 1980களில் பரப்பிய ஈ.எம். நுண்ணுயிர்க் கலவைதான் இப்போது கிடைக்கும் பொடிகளுக்கு அடிப்படை. காற்றுப் புகாத பக்கெட்டில் கழிவை அடுக்கி, பொடி தூவி அழுத்தி மூடினால், நிரம்பிய பிறகு இரண்டு வாரத்தில் அது ஊறுகாய் போல் புளித்திருக்கும். மக்கியிருக்காது. போட்ட கேரட் கேரட்டாகவே தெரியும், அமிலத்தன்மையும் கடுமையாக இருக்கும். அதை மண்ணில் புதைத்து இன்னும் சில வாரம் காத்திருந்த பிறகுதான் செடி வைக்க முடியும். கடையில் இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. தோட்ட நிலம் இருக்கும் வீட்டுக்கு நல்ல முறை. இரண்டாம் மாடிக்குப் புதைக்க ஒரு பெரிய மண் தொட்டி தனியாக வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தில் இது மற்ற எல்லாவற்றையும் மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமை மீன் செதிலும் கோழி எலும்பும் பானையில் போட முடியாது. எலியும் பூனையும் தேடி வரும். மூடிய பொகாஷி பக்கெட்டில் போடலாம். அசைவக் கழிவு அதிகமாக இருந்தால் மட்டும் சிறிய பக்கெட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம்தான் என்றால் ஈரக் குப்பை வண்டியில் போட்டுவிடுவதே நிம்மதி.

மின்சார இயந்திரம் உங்களுக்கு வேண்டாம். வீட்டுக்கென்று விற்கும் பல இயந்திரங்கள் கழிவைச் சூடாக்கி உலர்த்தி அரைக்கின்றன. சில மணி நேரத்தில் வருவது காய்ந்த தோல் பொடி, உரம் இல்லை. தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் ஊறி, பூஞ்சை பிடித்து, மக்கும் வேலை அங்கே முதலிலிருந்து தொடங்கும். அந்தப் பொடியையும் ஒரு பானையில் போட்டு இரண்டு மாதம் ஆற விட வேண்டுமென்றால் இயந்திரம் எதற்கு?

பெங்களூர் முறைக்கு வருகிறேன். பெயர் உண்மைதான், நாம் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில் 1939இல் சி.என்.ஆச்சார்யா உருவாக்கியது. ஆனால் அது வீட்டுக்கான முறை இல்லை. நகராட்சிக் குப்பையையும் மனிதக் கழிவையும் ஒன்றாகத் தீர்ப்பதற்காக வந்தது. ஆழமான குழியில் குப்பை ஓர் அடுக்கு, மலம் ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றி நிரப்பி, மேலே மண் பூசி மூடிவிட்டுக் கிளறாமல் ஆறு முதல் எட்டு மாதம் விட்டுவிடுவார்கள். முதல் சில நாட்களுக்குப் பிறகு உள்ளே காற்றில்லாமல் மெதுவாக மக்கும். உங்கள் பானை முறைக்கு உறவு இதைவிட இந்தூர் முறையோடுதான் அதிகம். 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்த ஆல்பர்ட் ஹோவர்ட், குவியலைக் கிளறிக் காற்றுக் கொடுத்து மூன்று மாதத்தில் உரமாக்கிய முறை அது. கே.ஆர்.புரம் பால்கனிக்கு இந்தூர்தான் பொருந்துகிறது, என்ன செய்வது.

உரம் தயாரா என்று பார்க்க நிறத்தை நம்பாதீர்கள், கறுப்பு சீக்கிரமே வந்துவிடும். ஒரு கைப்பிடி ஈரமான உரத்தை மூடியுள்ள டப்பாவில் அடைத்து மூன்று நாள் வையுங்கள். திறந்ததும் முதல் மழை மண் வாசனை வந்தால் சரி. புளிப்போ நெடியோ வந்தால் மறுபடி பானைக்கு. இதைவிட நம்பகமானது வெந்தயச் சோதனை. ஒரு கிண்ணத்தில் தொட்டி மண் மட்டும், இன்னொன்றில் பாதி மண், பாதி உரம். இரண்டிலும் பத்துப் பத்து வெந்தயம் விதையுங்கள். ஐந்தாம் நாள் உரக் கிண்ணத்தில் முளைப்பு குறைந்திருந்தாலோ வேர்நுனி பழுப்பாக இருந்தாலோ உரம் இன்னும் ஆறவில்லை. உங்கள் மகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள், தவறாமல் பார்ப்பாள். தேறிய உரத்தைச் சல்லடையில் சலித்து, தங்கிய கட்டியை அடுத்த பானையின் அடியில் போட்டுவிடலாம். அதைவிட நல்ல உறை கடையில் கிடைக்காது.

அளவு. மாதம் இருபது கிலோ கழிவு போட்டால் ஆறிச் சலித்த பிறகு நான்கைந்து கிலோ உரம் மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது தோராயம், ஈரத்தையும் சருகையும் பொறுத்து மாறும். பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு மாதம் இரண்டு கைப்பிடி, அதாவது இருநூறு கிராம் போல, தண்டை ஒட்டாமல் ஓரமாகப் போட்டு மேல் மண்ணோடு கலக்கினால் இருபது தொட்டிக்கு அது சரியாகப் போய்விடும். புதிதாகத் தொட்டி நிரப்பும்போது செம்மண் இரண்டு பங்கு, உரம் ஒரு பங்கு, நார்த்தூள் ஒரு பங்கு. உரம்தானே என்று பாதிக்கு மேல் நிரப்புகிறவர்கள் உண்டு. மக்க மக்க மண்மட்டம் இறங்கி, வேர் வெளியே தெரியும், உப்பும் ஏறும்.

இங்கே ஓர் எதிர்பார்ப்பைக் குறைக்க வேண்டியிருக்கிறது. வீட்டு உரத்தில் தழைச்சத்து 1 முதல் 2 சதவீதம்தான், அதுவும் மெதுவாகத்தான் வெளிப்படும். யூரியாவில் 46 சதவீதம். மண்ணை மிருதுவாக்குவது, ஈரத்தைப் பிடித்துவைப்பது, நுண்ணுயிரிகளை வாழவைப்பது ஆகியவைதான் உரத்தின் முக்கிய வேலை. கீரைக்கும் மல்லிகைக்கும் பெரும்பாலும் இதுவே போதும். காய்த்துக் குலுங்கும் தக்காளிக்குப் போதாது. பூ விடத் தொடங்கியதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, நன்றாக நீர்த்துப்போகச் செய்து ஊற்றுங்கள். அதில் தழைச்சத்து சுமார் 7 சதவீதம்.

இதுவரை சொன்னது கிட்டத்தட்ட உறுதியானது. இனி சொல்வது அப்படி இல்லை. பானையிலிருந்து வடியும் கறுப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா என்பதில் ஒரே பதில் கிடையாது. ஒவ்வொரு பானையிலும் அது ஒவ்வொரு மாதிரி. பத்து மடங்கு தண்ணீர் கலந்து மல்லிகைக்கு ஊற்றலாம், பச்சையாகத் தின்னும் கீரைக்கு வேண்டாம் என்பது என் வழக்கம், அதற்கு மேல் அதற்கு ஆதாரம் காட்டமாட்டேன். முட்டை ஓடு சுண்ணாம்புதான், ஆனால் அப்படியே போட்டால் கரைய நெடுங்காலம் ஆகும். மாவாக அரைத்தால் கொஞ்சம் பயன். தக்காளியின் அடி கறுத்து அழுகுவதற்கு ஓடு போடச் சொல்வார்கள். அதற்கு ஒரு நாள் வெள்ளம், மூன்று நாள் வறட்சி என்று தண்ணீர் ஊற்றுவதுதான் பெரும்பாலும் காரணம். வாழைப்பழத் தோல் ஊறவைத்த தண்ணீரைப் பற்றி வீடியோக்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. தோலைப் பானையில் போட்டால் அதிலுள்ள சாம்பல் சத்து (பொட்டாசியம்) எப்படியும் வந்து சேரும்.

கறிவேப்பிலை விஷயத்தில் செடியைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. கீழே உள்ள முதிர்ந்த இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. உரமும் புண்ணாக்கும் அதைத் தேற்றும். மேலே கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து வேருக்குப் போகவில்லை. கடினமான போர்வெல் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றும் தொட்டிகளில் மண்ணில் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது) கூடி இப்படி ஆவதை இந்த ஊரில் நிறையப் பார்க்கிறேன். அதற்கு உரம் ஓரளவுதான் உதவும். மழைநீர் பிடித்து ஊற்றுவது கூடுதல் பலன் தரும். புளித்த மோர் ஊற்றும் பழக்கம் இங்கே பொருந்தலாம், அளவோடு ஊற்றினால் கெடுதல் இல்லை, ஆனால் அதை மருந்து என்று எழுதித் தரமாட்டேன். இரண்டும் இல்லாமல், தொட்டியின் அடித்துளை அடைத்துக்கொண்டு வேர் நீரில் நின்றாலும் மஞ்சளாகும். முதலில் தொட்டியைச் சாய்த்து அந்தத் துளையைப் பாருங்கள். மஞ்சள் அடி இலையிலா கொழுந்திலா, ஊற்றுவது போர்வெல் தண்ணீரா காவிரியா, பால்கனி எந்தத் திசை பார்த்தது என்ற மூன்றையும் எழுதுங்கள். கறிவேப்பிலைக்கு இன்னும் திட்டமாகச் சொல்கிறேன். வாடகை வீடு என்பதால் பானைகளைச் செங்கல் மேல் ஏற்றி அடியில் தட்டு வையுங்கள். கீழ்வீட்டார் காயப்போட்ட வேட்டியில் ஒரு சொட்டு விழுந்தாலும் உங்கள் தோட்டம் அதோடு முடிந்தது.